பச்சோந்தி வளர்க்கப் போற பேராண்டிக்கு

ஏங்கண்ணு, வேலியில போன ஒடக்கானை எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கிட்டு, குடையுதே குடையுதேன்னு குதிச்சவன் கதைய உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேக்கறப்பெல்லாம் வவுத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பே. இப்ப நீ அவனையும் தாண்டிட்டே. ஒடக்கான் பத்தாதுன்னு பச்சோந்தியை எடுத்து, வேட்டி பத்தாதுன்னு சாம்பிள் பொட்டிக்குள்ள போட்டு, காங்கயத்துல இருந்து திருப்பூர் வரைக்கும் பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டுக்கிட்டுப் போயிருக்கறே.

நேத்து நீ அனுப்புன போட்டோவை உங்க ஆயாளோட கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டுப் பாத்தேன். குஞ்சு. என்ற சுண்டு வெரல் நீளங்கூட இருக்காது. உன்ற கம்பெனியில கலர் காட்டற ஷேடு கார்டு மேல உக்கோந்திருக்குது. கீழ எழுதியிருக்கறே, ‘அப்புச்சி, இதுக்கு என்ன சாப்பாடு போடறது?’ன்னு. புடிக்கறதுக்கு முந்திக் கேட்டிருந்தீன்னா ஒத்தை வார்த்தைல சொல்லி முடிச்சிருப்பேன். புடிச்ச பொறகு கேட்டதுனால இப்ப இத்தனை பழமை பேச வேண்டியிருக்குது.

பயந்துக்காதே, வளர்க்காதேன்னு நான் சொல்லப் போறதில்லை. நீ படிச்சவன். மெர்ச்சண்டைசர். வெள்ளைக்காரனுக்கு இங்கிலீசுல மெயில் போட்டு, அவன் ராத்திரி பன்னண்டு மணிக்குக் கேட்டாலும் பதில் சொல்றவன். உன்னையப் போயி வேண்டாங்கறதுக்கு, இட்டேரியில மாடு ஓட்டற நான் ஆரு? மொறைப்படி வளர்க்கறது எப்படின்னு மட்டும் சொல்றேன். ஒண்ணு உடாமச் செய்யோணும், அவ்வளவுதான்.

மொதல்ல அதுக்கு ஊடு. உன்ற சிநேகிதன் மீன் தொட்டி சும்மா கெடக்குது தாரேன்னானாமா? வாங்கிராதே. கண்ணாடிக்குள்ள காத்து ஓடாது, சூடு தங்கிப்போகும். அதுக்கும் மேல, கண்ணாடியில தன்ற உருவத்தையே பாத்து, இன்னொருத்தன் வந்துட்டான்னு நாளெல்லாம் கறுத்துக்கிட்டு நிக்கும். பொளப்பத்து நாள் பூராக் கண்ணாடி முன்னால நிக்கறவங்க உன்ற ரூம்புல ஏற்கெனவே இருக்கறாங்க, இன்னொண்ணு எதுக்கு? நாலு பக்கமும் வலை போட்ட கூண்டு வேணும். அகலத்தைக் காட்டியும் ஒசரம் எச்சா இருக்கோணும், ஏன்னா இது தரையில ஓடற சாதி இல்லை, ஏறற சாதி. இப்பச் சுண்டு வெரல் இருக்கறது வளந்துச்சுன்னா வாலோட சேத்து ஒரு அடிக்கு மேல போகும். அன்னைக்கு ஆள் இடுப்பு ஒசரத்துக்கு மேல கூண்டு கேக்கும். உன்ற மாடி ஊட்டுல பீரோவை வெளிய போட்டீன்னா எடம் ஆகும்.

கூண்டுக்குள்ள குச்சி வெக்கோணும். மொழுமொழுன்னு வழுக்கற பிளாஸ்டிக் குச்சி இல்லை, பட்டையோட இருக்கற நெசக் குச்சி. பாதிக்குப் பாதி எலை. செம்பருத்திச் செடி ஒண்ணைத் தொட்டியோட உள்ள வெச்சா நெம்ப நல்லது. மருந்தடிக்காத செடியாப் பாத்து வாங்கு.

அந்தப் போட்டோவுல இன்னொண்ணும் பாத்தேன். குஞ்சுக்கு மெத்துனு இருக்கட்டும்னு டப்பாவுக்குள்ள கட்டிங் வேஸ்ட்டு போட்டு வெச்சிருக்கறே. பாசம் புரியுது. ஊர்ல கெடைக்கறதைத்தானே போட முடியும், திருப்பூர்ல மெத்தைக்குப் பஞ்சமா? ஆனா சித்த அது காலைப் பாரு. இடுக்கி மாதிரி ரெண்டாப் பொளந்திருக்கும். முன்னங்கால்ல உள்பக்கம் மூணு வெரல் ஒண்ணா ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் ரெண்டு. பின்னங்கால்ல அப்படியே மாத்தி, உள்ள ரெண்டு, வெளிய மூணு. ஒவ்வொண்ணோட நுனியிலயும் ஊசியாட்டம் ஒரு நகம். சிங்கிள் ஜெர்சித் துணி பூராமே லூப்புதான்னு நீதானே எனக்குப் படம் போட்டுக் காட்டினே? அந்த நகம் ஒரு லூப்புக்குள்ள மாட்டுச்சுன்னா இது இழுக்கும். இழுக்க இழுக்க நூல் பிரியும். பிரிஞ்ச நூல் வெரலைச் சுத்தும். சுத்துன நூல் ரத்தத்தை நிறுத்தும். காலையில நீ பாக்கறப்ப வெரல் கறுத்திருக்கும். பையருக்குப் போற பீஸுல ஒரு ஓட்டை உளுந்தா ஊரைக் கூட்டற செக்கிங் அம்மிணிகளுக்கு இதைச் சொல்லு, உன்னையத் திட்டித் தீத்துருவாங்க. துணியை இப்பவே வெளிய எடு. கீழ ஒண்ணும் போடாதே. வெறுந்தரை போதும்.

அடுத்தது வெயில். ‘ஜன்னலோரம் வெச்சிருக்கறேன் அப்புச்சி, நல்லா வெளிச்சம் வருது’ங்கறே. வெளிச்சம் வரும், கண்ணு. வெயில்ல இருக்கற புறஊதாக் கதிருன்னு ஒண்ணு, அதுலயும் பி-ன்னு ஒரு வகை, கண்ணாடியைத் தாண்டி வராது. அது மேல படாட்டி இதுக்கு உடம்புல டி வைட்டமின் ஊறாது. டி வைட்டமின் ஊறாட்டித் தின்னதுல இருக்கற சுண்ணாம்புச் சத்து எலும்புல சேராது. வளர்ற குஞ்சுக்கு எலும்பு மெழுகாட்டம் ஆயிப்போகும். கால் வளையும், தாடை நெகிழும், நாக்கை நீட்டிப் பூச்சி புடிக்க முடியாது. கொடுமை என்னன்னா மொதல்ல கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருக்குதுன்னு நீ எல்லார்த்துக்கும் சொல்லிக்கிட்டிருப்பே. தெரியறப்ப வளைஞ்சது வளைஞ்சதுதான்.

அதுக்கு வெளிநாட்டுக்காரன் புறஊதாக் கதிர் வர்ற டியூப்லைட்டு வெச்சிருக்கறான். பகல் பூராப் பன்னண்டு மணி நேரம் எரியோணும். லைட்டு எரிஞ்சாலும் அந்தக் கதிர் மாசம் போகப் போகக் கொறையும், அதுனால அப்பப்ப மாத்தோணும். அது கூடவே குளிர் காயறதுக்குச் சூட்டு பல்பு ஒண்ணு. அதுல இருந்து அக்கட்டால தள்ளி நெழல். ஏன்னா இதுக்குத் தன்ற உடம்புல சூடு உண்டாக்கத் தெரியாது. வெயிலுக்குப் போயிக் காயும், போதும்னா நெழலுக்கு வரும். ரெண்டும் இருக்கோணும், எது வேணும்னு அதுதான் முடிவு பண்ணோணும். லைட்டுக்கு எதுக்குக் காசு, மொட்டை மாடியில கொண்டு வெச்சர்றேன்னு ரோசனை பண்ணாதே. சித்திரை வெயில்ல, தகரக் கூரைக்குப் பக்கத்துல, ஒதுங்க எலையில்லாத கூண்டுல வெச்சுட்டு டீ குடிக்கப் போனீன்னா, நீ திரும்பி வர்றப்பக் கருவாடுதான் இருக்கும்.

தண்ணிக்கு என்ன வெச்சிருக்கறே? கிண்ணமா? நெனைச்சேன். கிண்ணத்துத் தண்ணியை இது தண்ணின்னே நெனைக்காது. எலை மேல துளி நிக்கோணும், அது மினுக்கோணும், அப்பத்தான் நாக்கை நீட்டி நக்கும். அதுனால காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா எலை பூராத் தண்ணியைப் பொகையாட்டம் அடிக்கோணும். அயர்ன் மாஸ்டர் கிட்ட ஸ்ப்ரே பாட்டில் இருக்கும். ஆனா அவர் கிட்ட இருக்கறதைக் கேட்டு வாங்கீராதே, கறை எடுக்கற மருந்து எதுல இருந்துச்சு, வெறுந்தண்ணி எதுல இருந்துச்சுன்னு அவருக்கே நெனப்பிருக்காது. புதுசா ஒண்ணு வாங்கு. போர்த் தண்ணியை அடிக்காதே, நல்ல தண்ணியை அடி.

போர்த் தண்ணின்னதும் எனக்கு நொய்யல் நெனப்பு வருது. நீ அப்பப் பள்ளிக்கோடம் போயிக்கிட்டிருந்தே. பையர் ரோஸு கேட்டா ஆறு ரோஸு, ஊதா கேட்டா ஆறு ஊதா. நாம ஊர்ல பாத்ததுலயே பெரிய பச்சோந்தி அந்த நொய்யல்தான், சாமி. வெவசாயத்துக்குன்னு 1992-ல தொறந்த ஒரத்துப்பாளையம் அணையில வெள்ளாமைக்கு ஆகாத சாயத் தண்ணி நின்னுச்சு. கடைசியில 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய உடாம இருந்தா மட்டும் நடத்துன்னாங்க. அப்பறம்தான் ஆத்துக்குத் தன்ற நெறம் என்னன்னு கொஞ்சம் நெனப்பு வந்துச்சு. சரி, கதை எங்கியோ போகுது. துளித் தண்ணிக்கு வந்தவன் அணைக்குப் போயிட்டேன்.

இப்ப நீ கேட்ட சாப்பாட்டுக்கு வர்றேன். உங்கொம்மா இட்லியைப் பிட்டு வாயில வெக்கப் பாப்பா. அவளுக்கு ஊர்ல எதைப் பாத்தாலும் எளைச்சுப் போன மாதிரித்தான் தெரியும். கைய நீட்ட உடாதே. அரிசி, பால், பிஸ்கெட்டு ஒண்ணும் ஆகாது. உசிரோட இருக்கோணும், அசையோணும், பூச்சியா இருக்கோணும். குஞ்சுன்னா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை. பூச்சி அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவால இருக்கற அகலத்துக்கு மேல இருக்கப்படாது. இந்தக் குஞ்சுக்கு அந்த அகலம் எவ்வளவுன்னு பாத்துக்கோ. பழ ஈயும், பொறிச்ச மேனிக்கு இருக்கற வெட்டுக்கிளிக் குஞ்சும், எறும்புத் தண்டி சில்லுவண்டுக் குஞ்சுந்தான் ஆகும்.

அதைத் திருப்பூர்ல எங்க போயிப் புடிப்பே? கம்பெனி டியூப்லைட்டுக்கு வர்ற பூச்சியைப் புடிக்கலாம்னு பாக்கறயா? எந்தக் காட்டுல என்ன மருந்தைக் குடிச்சுட்டு வந்துச்சோ, ஆருக்குத் தெரியும். சமையக்கட்டுக் கரப்பானும் அதே கதைதான், போன வாரந்தான் நீ மருந்தடிச்சே. அதுனால நீ பூச்சியையும் வளர்க்கோணும். பச்சோந்திக்கு ஒரு கூண்டு, சில்லுவண்டுக்கு ஒரு டப்பா. சில்லுவண்டு ராத்திரி பூராக் கத்தும், கீழ் ஊட்டுக்காரன் வந்து கதவைத் தட்டுவான், அதை நீ பாத்துக்கோ. அந்தப் பூச்சிக்குக் கீரை, கேரட்டுன்னு நல்ல தீனி போடோணும், ஏன்னா அது வவுத்துல இருக்கறதுதான் இதோட வவுத்துக்குப் போகும். பொறவு பூச்சி மேல சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவி, மாவுல பெரட்டுன பஜ்ஜியாட்டம் உள்ள உடோணும். அதுலயும் அளவு இருக்குது. எச்சாப் போட்டாலும் சீக்கு, கொறைச்சாலும் சீக்கு.

ஆனா அது தின்னறதை மட்டும் ஒருக்காப் பாத்துரு. அதுக்குக் காசு குடுத்தாலும் தகும். ரெண்டு கண்ணும் ரெண்டு தெசையைப் பாத்துக்கிட்டிருக்கும், ஒண்ணு வானத்தை, ஒண்ணு உன்னைய. பூச்சி அசைஞ்ச மேனிக்கு ரெண்டும் திரும்பி ஒரே புள்ளியில வந்து நிக்கும். ஒடம்பை முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா ஆட்டும், காத்துல எலை ஆடற கணக்கா. வாய் மெல்லத் தொறக்கும். அவ்வளவுதான் உன்ற கண்ணுக்குத் தெரியும். அதுக்கு அடுத்தது நீ பாக்கறது அது மெல்லறதைத்தான். நாக்கு அதோட ஒடம்பைக் காட்டியும் நீளம். நுனியில கோந்தாட்டம் பிசின். 2016-ல அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்துல ஒருத்தர் பல சாதிப் பச்சோந்தியைப் படம் புடிச்சு அளந்து பாத்தாரு. இருக்கறதுல சின்ன சாதிக்குத்தான் ஒடம்பு அளவுக்குப் பாத்தா நாக்கு நீளமும் எச்சு, அது வேகம் எடுக்கறதும் எச்சுன்னு தெரிஞ்சுது. பேப்பர்ல போட்டிருந்தான். எட்டாங்கிளாஸுன்னாலும் நான் பேப்பர் உடறதில்லை.

இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. ஷேடு கார்டு மேல எதுக்கு உக்கோர வெச்சே? செகப்புல வெச்சா செகப்பாகும், மஞ்சள்ல வெச்சா மஞ்சளாகும், வீடியோ எடுத்துப் போட்டா டையிங் மாஸ்டர் அசந்து போவாருன்னுதானே? துண்டுத் துணியில சாயம் போட்டுக் காட்டற லேப் டிப்பு இல்லாமயே அப்ரூவல் வாங்கிரலாம்னு பாத்தயாக்கும்! ஊரே நம்பற பொய் அது, கண்ணு. கீழ இருக்கற துணிக்குத் தகுந்தாப்புல அது கலர் மாத்தறதில்லை. வெயில் வேணும்னா கறுத்துச் சூட்டை வாங்கிக்கும். பயந்தா கறுக்கும். எதிராளியைப் பாத்தாப் பட்டை பட்டையாக் காட்டும். ராத்திரி தூங்கறப்ப வெளிறிப்போயி, குச்சியோட கூமாச்சியில வாலைச் சுருட்டிக்கிட்டுக் கெடக்கும். டார்ச்சு அடிச்சா எலைக்கு நடுவால அது மட்டும் வெள்ளையாத் தெரியும்.

2015-ல ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரங்க மடகாஸ்கர் பச்சோந்தியை வெச்சு இதுக்குச் சூட்சுமம் கண்டுபுடிச்சாங்க. தோலுக்குள்ள குவானின்னு ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் படிகமா அடுக்கி வெச்சிருக்குதாமா. சும்மா இருக்கறப்ப அடுக்கு நெருக்கமா இருக்கும், பச்சையாத் தெரியும். கோவமோ ஆசையோ வந்தா அடுக்கு அகலும், மஞ்சளும் செகப்பும் வரும். சாயத்தை ஊத்தாம, நெருக்கத்தை மாத்தியே ஷேடு மாத்துது. கழிவும் இல்லை, கோர்ட்டும் இல்லை. உன்ற மொதலாளிக்குச் சொல்லிப்பாரு, அவர் மெசின் எங்க கெடைக்கும்னு கேப்பாரு.

நீ அனுப்புன போட்டோவுல அது கறுத்திருந்துச்சு. பக்கவாட்டுல தட்டையா ஆயிருந்துச்சு. கார்டுல கறுப்பே இல்லை, நான் பெரிசாக்கிப் பாத்தேன். ஷேடு மேட்ச் ஆகலை, சாமி. அது உன்னையத் திட்டிக்கிட்டிருக்குது.

அதுனால மொறைப்படி வளர்க்கறதுல முக்கியமான விதி இது: தொடாதே. கையில எடுக்காதே, தோள்ல வெச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போகாதே, சிநேகிதங்களைக் கூட்டியாந்து காட்டாதே. நாயாட்டம் வாலாட்டாது, பூனையாட்டம் மடியில படுக்காது. உன்ற மொகத்தைப் பாத்தா அதுக்குத் தெரியறது ஒண்ணுதான், தன்னையத் திங்க எதுவோ வந்திருக்குதுங்கறது. தனியா இருக்குதேன்னு ஜோடி புடிச்சு உடப் போறேன்னு கெளம்பாதே. அதுக்குத் தனிமைதான் சொகம். தாய்ப் பச்சோந்தி மரத்தை உட்டு எறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையை வெச்சு, மூடிட்டுப் போயிரும், திரும்பிப் பாக்காது. மாசக்கணக்கா மண்ணுக்குள்ள கெடந்து பொறிஞ்சு, மேல வந்த அன்னைக்கே குஞ்சு தானா ஏறி, தானாத் தேடித் தின்னுக்கும். உனக்கு வயசு இருவத்தஞ்சு ஆச்சு, டிபன் பொட்டியை உங்கொம்மாதான் இன்னமும் மூடித் தர்றா. ஆரு ஆரை வளர்க்கறதுன்னு எனக்குக் கொஞ்சம் கொழப்பமாத்தான் இருக்குது.

சீக்கு வந்தா எப்படித் தெரியும்? பகல்ல கண்ணை மூடிக்கிட்டு உக்கோந்திருந்தா சீக்கு. கண்ணு குழியில உளுந்திருந்தா தண்ணி பத்தலை. எச்சத்தோட வர்ற வெள்ளை, மஞ்சளா மாறுனா அதுவும் தண்ணி பத்தலைங்கறதுதான். குச்சியைப் புடிக்க முடியாம நழுவுனா எலும்புல கோளாறு. வாயைத் தொறந்துக்கிட்டு மூச்சு வாங்குனா நெஞ்சுல சளி, இல்லாட்டிச் சூடு தாங்கலை. தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணுவே? மாட்டு டாக்டர் மாட்டைப் பாப்பாரு. நாய் டாக்டர் நாயைப் பாப்பாரு. ஊசி மருந்துல இதுக்கு எத்தனை சொட்டுன்னு கணக்குத் தெரிஞ்சவங்களைத் தேடிக்கிட்டு நீ எந்த ஊருக்கு வண்டி ஏறுவே?

சரி, காஸ்டிங் போடறது உன்ற தொழில்தானே, போடு. கூண்டு, கதிர் லைட்டு, சூட்டு பல்பு, கரெண்டு பில்லு, செம்பருத்தி, சில்லுவண்டுப் பண்ணை, சுண்ணாம்புப் பொடி, காலையும் மாலையும் தண்ணி அடிக்க ஒரு ஆளு. ஷிப்மென்ட்டு நேரத்துல நீ ரெண்டு நாள் ஊட்டுக்கே வர மாட்டே, அப்ப ஆரு அடிப்பா? எல்லாத்தையும் கூட்டி, மார்ஜின் வெச்சு, கோட் பண்ணிப்பாரு.

எனக்கு ஒரு சப்ளையரைத் தெரியும். இத்தனையையும் ஒரு பைசா வாங்காமப் பண்றான். நீ எங்க இருந்து இதை எடுத்தயோ, அந்தக் கிளுவை வேலிதான்.

சிரிக்காதே. மாடு மேயற கொறங்காட்டைச் சுத்தி நம்ம பாட்டன் பூட்டன் கிளுவை நட்டாங்க, ஆடு மாடு வெளிய போகப்படாதுன்னு. உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவால வெள்வேல மரம். காங்கயம் மாடு அதுலதான் மேஞ்சு வளந்துச்சு. அந்த வேலியில காலையில கெழக்குப் பக்கம் வெயில், மத்தியானம் உள்ளுக்குள்ள நெழல், கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் குறுக்க இல்லை. ராத்திரிப் பனி எலையில துளியா நிக்கும், ஆரும் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். புல்லுல வெட்டுக்கிளி பொறிக்கறப்பக் குஞ்சுக்கு ஏத்த தண்டி, குஞ்சு வளர வளர வெட்டுக்கிளியும் வளரும். முள்ளு இருக்கறதுனால பருந்தும் காக்காயும் சுலுவா உள்ள வர முடியாது. தாய் எறங்கித் தோண்ட வேலி அடியில பொலபொலன்னு மண்ணு. ஒடக்கானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஒடக்கான் சாட்சின்னு பெரியவங்க வேறெதுக்கோ சொன்னாங்க. எனக்கு அது அப்படியே நெசமாத்தான் படுது.

இன்னொரு சங்கதி. இதைக் கடைசியாச் சொல்றேன், மொதல்லயே சொல்லியிருந்தா பயத்துல குஞ்சைத் தெருவுல தூக்கிப் போட்டிருப்பே. நம்மூருப் பச்சோந்தி 1972-ஆம் வருசத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. புடிக்கறது, ஊட்டுல வெச்சுக்கறது, விக்கறது, வாங்கறது எல்லாமே குத்தம். ஜெயிலும் உண்டு, அபராதமும் உண்டு. நீ பாசமா வெச்சிருக்கறயா, கொடுமையா வெச்சிருக்கறயான்னு சட்டம் கேக்காது. பச்சைக் கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டந்தான். பக்கத்து ஊட்டுல கிளிக் கூண்டு தொங்குதேன்னு சொல்லாதே, அவங்களும் மாட்டலை, அவ்வளவுதான்.

ஏமன் நாட்டுப் பச்சோந்தி, மடகாஸ்கர் பச்சோந்தின்னு வெளிநாட்டுச் சரக்கு வாங்கிக்கறேன்னு அடுத்தாப்புல கெளம்புவே. அதுவும் அத்தனை சுலுவில்லை. அதுகளும் சைட்டிஸுங்கற உலக ஒப்பந்தத்துப் பட்டியல்ல இருக்குது. 2024-ல மத்திய சர்க்கார் புது விதி கொண்டாந்தாங்க. பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு உசிரு ஆரு கிட்ட இருந்தாலும் பரிவேஷ்ங்கற இணையதளத்துல பதியோணும். குஞ்சு பொறிச்சாலும் சொல்லோணும், கைமாறுனாலும் சொல்லோணும், செத்தாலும் சொல்லோணும். பேப்பர் இல்லாம எவனாவது டப்பாவுல போட்டு நீட்டுனான்னா, அது எந்தக் காட்டுல திருடுனதோ, எந்த ஏர்போர்ட்டுல பெட்டிக்குள்ள மூச்சு முட்டி வந்ததோ. பேப்பரோட வந்தாலும் நான் இத்தனை நேரம் சொன்னது ஒண்ணும் மாறாது. கூண்டும் கதிரும் துளித் தண்ணியும் பொடி தூவுன பூச்சியும் அதுக்கும் வேணும்.

அதுனால நாளைக்கு நேரமே கெளம்பு. பொட்டிக்குள்ள துணி வெக்காதே, எலையோட ஒரு குச்சியை அசையாத மாதிரி வெச்சு அதுல ஏத்து. கையால புடிச்சு இழுக்காதே, குச்சியை அதுக்கு முன்னால நீட்டுனா அதுவே ஏறிக்கும். பொட்டியில காத்துக்கு ஓட்டை போடு. வெயில் ஏறறதுக்குள்ள வந்து, எடுத்த எடத்துலயே, அதே வேலியில, மனுசன் கை எட்டற ஒசரத்துல உட்டுட்டு ஒதுங்கி நில்லு. கால் வளைஞ்சிருந்தாலோ, நூல் சுத்துன வெரல் கறுத்திருந்தாலோ மறைக்காதே, வனத்துறைக்காரங்களைக் கூப்பிட்டுக் குடுத்துரு. திட்டுவாங்க, வாங்கிக்கோ.

பாக்கோணும்னு ஆசையா இருந்தா எப்ப வேணும்னாலும் வா. ராத்திரி டார்ச்சு எடுத்துக்கிட்டு இட்டேரியில ஒரு நடை போகலாம், நான் காட்டறேன். ரோட்டுல பச்சோந்தி ஏதாச்சும் குறுக்க நடந்துச்சுன்னா, அது ஒரு கால் வெக்கறதுக்குள்ள கண்டெய்னர் வந்துரும், ஒரு குச்சியை நீட்டி அந்தப் பக்கம் உட்டுரு. கடிச்சா வெசம், மூச்சுக் காத்துப் பட்டா ஆகாதுன்னு கல்லெடுக்கற பசங்களைப் பாத்தா நாலு வார்த்தை சொல்லு, பச்சோந்திக்கு வெசமே கெடையாது.

அப்பறம் ஒண்ணு. அந்தக் கிளுவையைப் பொக்லைன் உட்டுப் புடுங்கிப்போட்டுக் கம்பி வேலி போட்டரலாம், சைட்டு போட்டு வித்தா நல்ல வெலை போகும்னு உங்க மாமன் ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கறான். நான் சொன்னா, கெழவனுக்கு என்ன தெரியும்ங்கறான். நீ படிச்சவன், மெர்ச்சண்டைசர். வர்றப்ப அந்தக் காஸ்டிங்கை ஒரு காயிதத்துல எழுதிக் கொண்டாந்து, உங்க மாமன் கையில குடுத்து நீயே சொல்லு.